வரப்போற புத்தகத்தையும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வருஷக் கடைசில வந்த "படிச்சதில் பிடிச்சது" பக்கத்தை ஒரு வரி விடாம படிச்சேன். எழுத்தாளர்கள், டைரக்டர்கள், பேராசிரியர்கள்னு நெறைய பேர்கிட்ட கேட்டு வாங்கிப் போட்டிருந்தீங்க, எல்லாமே நல்ல தேர்வு, அதுல சில புத்தகத்தை நானும் குறிச்சு வச்சுக்கிட்டேன். ஆனா ஒரு நூலகர்கிட்டகூட கேக்கலையேன்னு வருத்தமா இருந்துச்சு. எழுத்தாளர் ஒருத்தர் தான் படிச்சதைச் சொல்லுவார். நூலகர்கிட்ட கேட்டா தான் படிச்சதோட சேத்து, அந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போனவங்க திரும்பி வந்து என்ன சொன்னாங்க, எதைப் பாதியில குடுத்துட்டாங்க, எதை ரெனியூ பண்ணி ரெனியூ பண்ணி வச்சிருந்தாங்கன்னும் சொல்லுவோம். அதனால நீங்க கேக்காமலே எழுதுறேன். நீளமா இருந்தா வெட்டிக்குங்க, ஆனா கடைசில ஒரு வேண்டுகோள் வச்சிருக்கேன், அதை மட்டும் வெட்டிடாதீங்க.

சமீபத்துல படிச்சதுல என்னை ரொம்ப உலுக்கினது தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங் எழுதின 'வீ டூ நாட் பார்ட்'. 2024-ல அவங்களுக்கு நோபல் கெடச்சதும் எல்லாரும் 'தி வெஜிடேரியன்' இருக்கான்னுதான் கேட்டு வந்தாங்க, தமிழ்லயும் அது சமயவேல் மொழிபெயர்ப்புல 'மரக்கறி'ன்னு இருக்கு, நல்லா போகுது, சந்தோஷம். ஆனா அதைப் படிச்சுட்டு வந்து அடுத்து என்னன்னு கேக்குறவங்க கையில நான் குடுக்க ஆசைப்படுறது இந்த நாவலைத்தான். கொரியன்ல 2021-ல வந்து, இங்கிலீஷ்ல 2025-லதான் வந்துச்சு. கியோங்ஹான்னு ஒரு எழுத்தாளர், அவங்க தோழி இன்சன் மரவேலை செய்யும்போது விரல் துண்டாகி சியோல்ல ஆஸ்பத்திரில கெடக்குறாங்க. தச்சு ஒட்டவச்ச விரல்ல நரம்பு செத்துப் போகாம இருக்கணும்னா மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தக் காயத்துலயே ஊசியால குத்தி ரத்தம் வர வைக்கணும், ராத்திரி பகல்னு கிடையாது, வாரக்கணக்கா. அந்த நெலமைல இன்சன் கேக்குற ஒரே உதவி, ஜெஜு தீவுல வீட்டுல விட்டுட்டு வந்த என் பறவை செத்துப் போறதுக்குள்ள நீ போய்த் தண்ணி வைக்கணும்ங்கறதுதான். கியோங்ஹா பனிப்புயல்ல கிளம்பிப் போறாங்க. போய்ச் சேர்ற அந்த வீட்டுல, 1948-ல ஆரம்பிச்சு அந்தத் தீவுல நடந்த படுகொலையும், அதுல சொந்தங்களைத் தொலைச்ச இன்சனோட அம்மா வாழ்க்கை முழுக்க எதைத் தேடிக்கிட்டு இருந்தாங்கங்கறதும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வருது. அந்த மூணு நிமிஷ ஊசியைப் பத்திப் படிக்கிறப்ப எனக்குக் கையெல்லாம் கூசுச்சு, ஆனா பக்கத்தைத் தள்ள முடியல, ஏன்னா குத்துற வலியைத் தாங்கலன்னா விரலே போயிடும், அந்த அம்மா ஏன் எதையும் மறக்காம இருந்தாங்கன்னு அதுக்கப்புறம் யாரும் விளக்கவே வேண்டியதில்ல.

இதைத் திருப்பிக் குடுக்க வந்த ஒரு காலேஜ் பொண்ணு, ஜெஜு தீவுல நெஜமாவே என்ன நடந்துச்சுன்னு படிக்க வேற ஏதாவது இருக்கான்னு கேட்டுச்சு. வரலாறு பகுதில தேடினோம், சீனா இருக்கு, ஜப்பான் இருக்கு, கொரியா பத்தி உருப்படியா ஒண்ணுகூட இல்ல. அந்தப் பொண்ணு கேட்டதாலதான் அடுத்த வாங்கல் பட்டியல்ல கொரிய வரலாறு ஒண்ணு ஏறுச்சு. கேக்குற வாசகர் இருந்தாத்தான் ஒரு நூலகம் வளரும், இதை ஏன் இங்க சொல்றேன்னு கடைசில புரியும்.

அடுத்தது சமந்தா ஹார்வியோட 'ஆர்பிட்டல்', 2024 புக்கர் பரிசு வாங்கினது. மொத்தமே 136 பக்கம், ஆனா வேகமா படிச்சா ஒண்ணும் கெடைக்காது. விண்வெளி நிலையத்துல ஆறு பேர், கதை நடக்குறது ஒரே ஒரு நாள், அந்த ஒரு நாள்ல அவங்க பூமியைப் பதினாறு தடவை சுத்துறாங்க, அதனால பதினாறு சூரிய உதயம், பதினாறு அஸ்தமனம். சண்டை கிடையாது, விபத்து கிடையாது. ஜப்பான்காரங்க சியேங்கறவங்களுக்கு கீழ அம்மா இறந்துட்டாங்கன்னு சேதி வருது, போக முடியாது, அவ்ளோதான், வேலையைப் பாத்துக்கிட்டே ஜன்னல் வழியா தன்னோட நாடு கடந்து போறதைப் பாக்குறாங்க. வெளிநாட்டுல வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போது வீட்டுல ஒரு சாவு விழுந்து போக முடியாம போனவங்க எத்தனை பேர் நம்ம வாசகர்கள்ல இருக்காங்க, அவங்க எல்லாருக்கும் இந்தப் புத்தகத்தைக் குடுக்கலாம். சயின்ஸ் ஃபிக்ஷன்னு நெனச்சு எடுத்துட்டுப் போறவங்க மட்டும் ஏமாந்துடுறாங்க, அதனால குடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிடுவேன்.

பானு முஷ்தாக் கதைகள் பத்தி நீங்களும் எழுதியிருந்தீங்க. 'ஹார்ட் லேம்ப்', 2025-ல இன்டர்நேஷனல் புக்கர், கன்னடத்துல இருந்து அந்தப் பரிசு வாங்கின முதல் புத்தகம், சிறுகதைத் தொகுப்பு ஒண்ணுக்கு அது கெடச்சதும் அதான் முதல் தடவை. 1990-ல இருந்து 2023 வரைக்கும் எழுதின கதைகள்ல பன்னெண்டு இருக்கு. அதுல 'ரெட் லுங்கி'ன்னு ஒரு கதை, லீவுக்கு வீடு நெறய வந்து கொட்டமடிக்கிற பசங்களைப் படுக்க வைக்க ஒரே வழி சுன்னத் பண்றதுதான்னு ஒரு அம்மா முடிவு பண்றாங்க, வசதியான வீட்டுப் பையனுக்கு டாக்டர், ஏழைப் பசங்களுக்கு மொத்தமா பள்ளிவாசல்ல, அப்புறம் யாரோட புண்ணு சீக்கிரம் ஆறுதுங்கறதுதான் கதை. சிரிச்சுக்கிட்டே படிச்சுட்டுப் போவீங்க, கடைசில தொண்டை அடைச்சுக்கும். ஆனா எங்க காப்பியைக் கையில எடுத்தா தானா விரியிறது வேற எடத்துல, தலைப்புக் கதைகிட்ட. புருஷன் இன்னொருத்தியைத் தேடிப் போயிட்டான்னு கைக்குழந்தையோட பொறந்த வீட்டுக்கு வர்ற ஒருத்தியை அண்ணன் தம்பிங்களே திருப்பிக் கொண்டு போய் விடுற கதை அது. எத்தனை பேர் அந்தப் பக்கத்துல நின்னு நின்னு படிச்சிருந்தா பைண்டிங் அங்கயே தளர்ந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

உங்க விமர்சனத்துல ஒரே ஒரு குறை, சொல்லாம இருக்க முடியல. மொழிபெயர்ப்பாளர் தீபா பஸ்தி பேரு எங்கயும் இல்ல. இந்தப் பரிசோட விதியே பணத்தை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியா பிரிச்சுக்கணும்ங்கறதுதான், அந்தப் பரிசை வாங்கின முதல் இந்திய மொழிபெயர்ப்பாளர் அவங்க. கன்னடச் சொல்லு, உருதுச் சொல்லு எதையும் சாய்வெழுத்துல போடாம, அடிக்குறிப்பு குடுக்காம, புரிஞ்சுக்கிறவங்க புரிஞ்சுக்கட்டும்னு தைரியமா விட்டிருக்காங்க. நாங்க கேட்டலாக்ல மொழிபெயர்ப்பாளர் பேரு இல்லாம ஒரு பதிவை முடிக்கவே மாட்டோம், ஏன்னா வாசகர்கள் இப்ப மொழிபெயர்ப்பாளர் பேரைச் சொல்லியே புத்தகம் கேக்குறாங்க, அவர் பண்ணினது வேற என்ன இருக்குன்னு.

பெர்சிவல் எவரெட்டோட 'ஜேம்ஸ்' பத்திச் சுருக்கமா சொல்லிடுறேன். மார்க் ட்வைன் 1884-ல எழுதின ஹக்கிள்பெரி ஃபின் கதையில கூட ஓடி வர்ற அடிமை ஜிம் இருக்கார்ல, அவர் வாயால அதே கதை. 2025-ல புலிட்சர் கெடச்சுது. ஆரம்பத்துலயே ஒரு காட்சி, ஜேம்ஸ் சின்னப் பசங்களுக்குப் பாடம் எடுக்குறார், வெள்ளைக்காரங்க முன்னாடி எப்படிக் கொச்சையா, தப்பும் தவறுமா பேசணும்னு. எஜமானி அம்மா அடுப்படில தீப்பிடிச்சாக்கூட நேரா தீன்னு கத்தக் கூடாது, அங்க பாருங்கம்மான்னு மட்டும்தான் சொல்லணும், என்ன பிரச்சனைன்னு பேர் வைக்கிறது அவங்களா இருக்கணும், நாமளா இருந்தா அவங்களுக்குப் பொறுக்காது. உயிர் பொழைக்கிறதுக்காக அறிவை மறச்சு வைக்கக் கத்துக்குடுக்குற ஒரு வகுப்பு அது. ஹக்கிள்பெரி ஃபின்னைச் சின்ன வயசுல சுருக்கப் பதிப்புல படிச்சவங்க கண்டிப்பா இதைப் படிக்கணும், படிச்சுட்டுப் பழசைத் திரும்ப எடுத்துப் படிச்சா இன்னும் நல்லது, எங்ககிட்ட ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்கேன்.

தமிழ்ல தேவிபாரதியோட 'நீர்வழிப் படூஉம்'. 2023-ல சாகித்ய அகாதெமி அறிவிச்சப்ப படிக்காம விட்டவங்க இப்பவாவது எடுங்க. ஊருக்கெல்லாம் முடி திருத்துற குடிநாவிதர் குடும்பத்துக் கதை, காரு மாமாங்கற ஒருத்தரோட சாவுக்கு உறவெல்லாம் வந்து கூடுற எடத்துல இருந்து விரிஞ்சு போகுது. தலைப்பு கணியன் பூங்குன்றனோட அந்தப் புறநானூற்றுப் பாட்டுல இருந்து எடுத்தது. 'யாதும் ஊரே'ங்கற முதல் வரியை மட்டும் தெரிஞ்சவங்க, அதே பாட்டுல ஆத்துவெள்ளத்துல அடிச்சுட்டுப் போற தெப்பம் மாதிரி உசுரு போகும்னு வர்ற வரியை இந்த நாவல் முடியும்போது மறக்கவே மாட்டாங்க. பெரிய நாவல் இல்ல. ஆனா உறவுமுறை நெறைய வரும், யாரு யாருக்கு மாமா, யாரு யாருக்கு அத்தைன்னு முதல் அம்பது பக்கம் கொஞ்சம் பொறுமையா இருக்கணும்.

அம்பது பக்கம்னு சொன்னதும் ஞாபகம் வருது, சியாட்டில்ல நான்சி பேர்ல்னு ஒரு நூலகர், ரொம்பப் பேர் போனவங்க, அவங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க. எந்தப் புத்தகமா இருந்தாலும் அம்பது பக்கம் படிச்சுப் பாரு, புடிக்கலன்னா குத்த உணர்ச்சி இல்லாம மூடி வை. வயசு அம்பதைத் தாண்டிட்டா நூறுல இருந்து உன் வயசைக் கழி, மிச்சம் எவ்வளவோ அத்தனை பக்கம் போதும். எழுபது வயசு ஆனவங்க முப்பது பக்கத்துலயே முடிவெடுக்கலாம். எங்க வயசான வாசகர்களுக்கு இதைச் சொன்னா அவ்ளோ சந்தோஷம், பாதில வச்சா பாவம்னு நெனச்சே புதுசா எதையும் தொடாம இருந்தவங்க பல பேர்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அமெரிக்காவுல லைப்ரரி ரீட்ஸ்னு 2013-ல ஆரம்பிச்சாங்க. பொது நூலகங்கள்ல வேலை பாக்குறவங்க, அடுத்து வரப்போற புத்தகங்களோட முன்பிரதிகளை வெளியீட்டுக்கு முன்னாடியே படிச்சுட்டு தங்களுக்குப் புடிச்சதுக்கு ஓட்டுப் போடுவாங்க, அதுல மேல வர்ற பத்துப் புத்தகம் மாசாமாசம் பட்டியலா வரும். தலைமை நூலகர்தான் ஓட்டுப் போடணும்னு கிடையாது, அடுக்கு அடுக்குறவங்களும் போடலாம். புத்தகம் வெளிய வர்றதுக்கு முன்னாடியே வாசகர் வந்து பேரை எழுதி வச்சுட்டுப் போறாங்க, எத்தனை பேர் எழுதியிருக்காங்கன்னு பாத்து எத்தனை காப்பி வாங்கணும்னு நூலகம் முடிவு பண்ணுது.

நமக்கு அப்படி எதுவும் இல்ல. புத்தகம் வந்து, விமர்சனம் வந்து, அதைப் படிச்சுட்டு ஒரு வாசகர் ஆசையா ஓடி வந்து கேட்டா எங்ககிட்ட இருக்காது. ஏன்னா நூலகத்துக்கு வாங்குறதுன்னா பட்டியல் போடணும், ஒப்புதல் வாங்கணும், ஆர்டர் போகணும், வந்ததைப் பதிவேட்டுல ஏத்தி எண் போட்டு வகைப்படுத்தி ஒட்டவேண்டியதெல்லாம் ஒட்டி ஷெல்ஃபுக்குக் கொண்டு வரணும். அதுக்குள்ள கேட்டவர் மறந்துட்டார், இல்ல வேற ஏதோ படிக்கப் போயிட்டார், புத்தகம் புதுசாவே உக்காந்திருக்கு. நம்ம நூலக அறிவியல் மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லயே நூலகங்களுக்கு அஞ்சு விதி எழுதி வச்சுட்டுப் போனார், அதுல ஒண்ணு ஒவ்வொரு நூலுக்கும் அதுக்குண்டான வாசகர்னு. அந்த வாசகர் இருக்காரு சார், நெஜமாவே இருக்காரு, ரெண்டு பேரையும் ஒரே வாரத்துல ஒரே எடத்துல சேக்கத்தான் முடியல. வரப்போறதை முன்கூட்டியே சொன்னா அது முடியும்.

காத்திருக்கிறது ஒரு தனி சந்தோஷம்னு வாசகர்களுக்குச் சொல்லணும். நான் இப்ப யாரோட புத்தகத்துக்காகவெல்லாம் காத்திருக்கேன்னு கேட்டா முதல்ல ராபர்ட் காரோ பேரைச் சொல்லுவேன். அமெரிக்க ஜனாதிபதியா இருந்த லிண்டன் ஜான்சன் வாழ்க்கையை எழுதிக்கிட்டே இருக்கார், முதல் பாகம் 1982, ரெண்டாவது 1990, மூணாவது 2002, நாலாவது 2012, அஞ்சாவதும் கடைசியும் இன்னும் வரல. 1935-ல பொறந்தவர், தொண்ணூறு வயசாயிடுச்சு, இன்னும் முதல்ல கையால எழுதி அப்புறம் டைப்ரைட்டர்ல அடிக்கிறவர். அரசியல் வரலாறு நமக்கெதுக்குன்னு தள்ளிடாதீங்க. முதல் பாகத்துல ஒரு அத்தியாயம் முழுக்க கரண்ட் வராத டெக்சஸ் மலைப்பக்கத்துப் பொம்பளைங்க எப்படித் தண்ணி சுமந்தாங்க, எப்படித் துணி தொவச்சாங்க, விறகடுப்புல காயவச்ச கனமான இரும்புப் பெட்டியால வெயில்ல எப்படி இஸ்திரி போட்டாங்கன்னு இருக்கு. தண்ணி தூக்கித் தூக்கி இளம் வயசுலயே தோள் கூனிப் போனதை அந்த வயசான அம்மாக்களே அவர்கிட்டக் காட்டுறாங்க. அதைக் கேட்டு வாங்குறதுக்காக அவரும் மனைவியும் அந்தப் பக்கமே போய்க் குடியிருந்தாங்க. அதைப் படிச்சப்புறம் அப்ப எம்.பி.யா இருந்த ஜான்சன் தன் தொகுதிக்குக் கரண்ட் கொண்டு வந்தார்ங்கற ஒரு வரிக்கு எவ்வளவு எடைன்னு தெரியும். ஜான்சன் காலத்து வியட்நாம் போரை காரோ எப்படி எழுதப் போறார்னு படிக்காம நான் ரிட்டயர் ஆகக் கூடாது.

அடுத்து 2025 நோபல் வாங்கின ஹங்கேரிக்காரர் லாஸ்லோ கிராஸ்னஹோர்காய், இவரோட ஒரு நாவல் தமிழ்ல வரணும்னு காத்திருக்கேன். 'ஹெர்ஷ்ட் 07769'ங்கற நாவலை ஓட்டிலி முல்செட் இங்கிலீஷ்ல பண்ணியிருக்காங்க, நானூறு பக்கம், ஒரே வாக்கியம், முற்றுப்புள்ளி கடைசில ஒண்ணே ஒண்ணுதான். ஜெர்மனில ஒரு சின்ன ஊர்ல இருக்குற ஒரு வெகுளி மனுஷன், உலகம் அழியப் போகுதுன்னு பயந்து அப்ப ஜெர்மனி சான்சலரா இருந்த ஏஞ்சலா மெர்க்கலுக்குக் கடிதம் மேல கடிதம் போட்டுக்கிட்டே இருக்கான், அவனை வேலைக்கு வச்சிருக்கிறவன் ஒரு நியோ-நாஜிக் கூட்டத்துத் தலைவன். கஷ்டமான எழுத்துன்னு பேரு, ஆனா அந்த மூச்சுக்குப் பழகிட்டா எறங்க மனசு வராது. ஒரு வினைமுற்றுக்காகப் பத்து வரி காத்திருக்கிற பழக்கம் நமக்குப் புதுசா என்ன, எச்சம் எச்சமா கோத்துக்கிட்டுப் போறதுக்குத் தமிழ் மாதிரி தோதான மொழி எது இருக்கு, யாராவது ஒருத்தர் துணிஞ்சு இதைத் தமிழ்ல பண்ணினா முதல் ஆர்டர் எங்களோடதா இருக்கும்.

இன்னொரு காத்திருப்பு இருக்கு, அது என் ஆயுசுக்குள்ள நடக்காது. நார்வேல ஆஸ்லோ பக்கத்துக் காட்டுல 2014-ல ஆயிரம் மரக்கன்னு நட்டாங்க, கேட்டி பேட்டர்சன்ங்கற கலைஞரோட யோசனை, எதிர்கால நூலகம்னு பேரு. வருஷத்துக்கு ஒரு எழுத்தாளர் ஒரு கையெழுத்துப் பிரதி குடுப்பாங்க, யாரும் படிக்க மாட்டாங்க, 2114-ல அந்த மரங்கள்ல இருந்து காகிதம் செஞ்சு எல்லாத்தையும் அச்சடிப்பாங்க. முதல்ல குடுத்தவங்க மார்கரெட் அட்வுட், அப்புறம் டேவிட் மிட்செல், எலிஃப் ஷஃபாக், நான் மேல சொன்ன ஹான் காங்கும் குடுத்திருக்காங்க, வெள்ளைத் துணில சுத்தி அந்தக் காட்டு வழியா எடுத்துட்டுப் போய். ஆஸ்லோ பொது நூலகத்துல அதுக்குன்னு மரத்தாலயே ஒரு சின்ன அறை கட்டி 2022-ல திறந்தாங்க, உள்ள போய் உக்காரலாம், கண்ணாடி இழுப்பறைல எழுத்தாளர் பேரைப் படிக்கலாம், அதுக்கு மேல முடியாது. ஒரு நூலகரா எனக்கு இதுல மனசு நெறயிற எடம் எதுன்னா, நூறு வருஷம் கழிச்சு அதை எடுத்துக் குடுக்க அங்க ஒரு நூலகர் இருப்பார்னு அவங்க நம்புறதுதான்.

அவ்ளோ வேண்டாம் சார், நாங்க கேக்குறது ரெண்டு மாசம் முன்னாடி சொல்றதுதான். ஞாயித்துக்கிழமை இணைப்புல மாசத்துக்கு ஒரு தடவை கால் பக்கம் குடுங்க. வெவ்வேறு நூலகங்கள்ல இருக்குறவங்க, பெரிய நூலகம் சின்ன நூலகம்னு பாக்காம, தாங்க படிச்சதுல ஒண்ணு, வரப்போறதுல ஒண்ணுன்னு எழுதட்டும். பதிப்பாளர்களும் உங்க பேப்பரைப் படிக்கிறாங்க, அவங்களுக்கும் இதையே சொல்லிக்கிறேன், அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிடிஎஃப் ஒண்ணு எங்களுக்கு அனுப்பினீங்கன்னா போதும், படிச்சுட்டு நல்லா இருக்குன்னா நாங்களே வாசகர்கிட்டப் பேச ஆரம்பிச்சுடுவோம், புத்தகம் வர்ற அன்னிக்குப் பேர் எழுதி வச்சவங்க வரிசையா இருப்பாங்க. குழந்தைகளுக்கு வர்றதை மறந்துடாதீங்க, அதுக்குத்தான் விமர்சனமே வர்றதில்ல, ஆனா எங்ககிட்ட அதிகமா கிழிஞ்சு போறது அந்த ஷெல்ஃபுதான். அந்தக் கால் பக்கத்துல புத்தகத்தோட பேருக்குக் கீழ மொழிபெயர்ப்பாளர் பேரு, எந்த மொழில இருந்து வந்துச்சு, எத்தனை பக்கம்னு ஒரு வரி இருந்தா அதை அப்படியே எங்க பட்டியல்ல ஏத்திக்குவோம்.

முதல் மாசத்துக்கு யாரு எழுதுவாங்கன்னு நீங்க யோசிக்க வேண்டாம், கூட வேலை பாக்குறவங்க சில பேர்கிட்ட ஏற்கெனவே பேசிட்டேன், குழந்தைகள் பிரிவைப் பாத்துக்குறவங்க ஒரு பட்டியலே எழுதி வச்சிருக்காங்க. சரின்னு ஒரு வரி போட்டீங்கன்னா வர்ற வாரமே அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பொது நூலகர்